சேற்றில் விரித்த பாய்கள்

நுக்குலைலை தீவு,
3 மே 1997

அன்புள்ள உலமிலாவுக்கு,

மதினி தரைவினி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணன் நெமானிக்கு மட்டும் இடுப்புவலி. அதுவும் நான் வேலை சொல்லும்போதுதான் வலிக்கிறது. அங்கே உன் வீட்டுக்காரர் ஆலனும் மகள் கெலேராவும் சுகமா? குளிர் தொடங்கியிருக்கும். கம்பளி மண்டியில் வேலை செய்கிறவளுக்கு என்ன குளிர் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உன் போன கடிதத்தை வழக்கம்போல உரக்கப் படித்தேன். உன் அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு வலை பின்னினார். வளர்ந்தபின் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசக் கூடாது, சரி. அந்த முறை கடிதத்துக்கும் உண்டா என்றால் இன்னும் குனிந்து முடிச்சுப் போடுகிறார். படித்து முடித்தால் மட்டும், "ஏன் நிறுத்திட்ட?" என்கிறார்.

விருந்தாளிக் குடில்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. அவை இருக்கும் மணல்திட்டு உனக்குத் தெரியாது. நீ போன பிறகு ஒரு புயலில் கடல் கொண்டுவந்து போட்டது. ஊருக்கும் திட்டுக்கும் நடுவில் நம் பழைய ஓடைதான். வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து நம்மோடு தேங்காய் உரிக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், கக்கூசில் தண்ணீருக்குப் பதில் மரத்தூள் போடக் கற்றுக்கொள்கிறார்கள். இத்தனை காலம் இதையெல்லாம் சும்மா செய்தோமே, நம்மைவிட ஏமாளி உண்டா?

போன வாரம் உங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து ரோஸ் என்று ஒரு பெண் வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். லம்பாசா துறையில் படகில் ஏறினாளாம், உன் அண்ணன் தலையிலிருந்த ஓலைத் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாளாம். தலையைத் தொட்டால் கடித்துவைக்கிற மனுஷன், சிரித்துக்கொண்டே படகை ஓட்டி வந்தார். அதோடு விட்டாரா? ஊர்ப் பெரியவர் வீட்டில் உட்கார வைத்து யங்கோனா வேர்ச்சாறு கலக்க வேண்டிய வரவேற்பை, "கூரை ஒழுகுது, திட்டு மணல்லயே வெச்சுக்கலாம்" என்றார். மழை பெய்து மாதமாகிறது. பெரியவரைப் பாயோடு தூக்கி வந்தார்கள். அவர் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

உன் அண்ணனுக்கு வயதாகிறது என்று நினைக்கிறேன். பதில் போடு.

முத்தங்களுடன்,
தரைவினி


இன்வர்காகில்,
29 மே 1997

அன்பு மதினிக்கு,

உலமிலா எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. நாங்கள் நலம். அண்ணன் இடுப்புக்குத் தேங்காய் எண்ணெயைச் சுடவைத்துத் தேயுங்கள். விடியும்போது இங்கே புல் எல்லாம் வெள்ளையாக இருக்கிறது. ஆலன் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருக்கிறார்.

கெலேரா நெல்சன் நகரத்துப் பக்கம் ஆப்பிள் தோட்டத்தில் கிளை வெட்டும் வேலைக்குப் போயிருக்கிறாள். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றாள். இன்னும் எழுதவில்லை. அந்த வயதுப் பெண்கள் அப்படித்தான்.

நீங்கள் எழுதியிருந்த ரோஸ் நன்றாகச் சாப்பிடுகிறாளா? உங்கள் வெயிலை இங்கத்திப் பெண்களால் தாங்க முடியாது. மூக்குத் தோல் உரியும். தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளா? விருந்தாளிகள் ஊருக்குள்ளும் வருவார்களா, இல்லை திட்டோடு சரியா? சும்மா கேட்கிறேன். இங்கே மண்டியில் கேட்கிறார்கள், உன் ஊரில் சுற்றுலா எப்படி நடக்கிறது என்று.

அண்ணன் என்ன சொன்னார் என்று எழுதவில்லையே. அந்தத் தொப்பி விஷயத்தைத்தான் கேட்கிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.
உலமிலா


நுக்குலைலை தீவு,
20 ஜூன் 1997

அன்புள்ள உலமிலாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நீ சொன்ன எண்ணெய் வைத்தியம் பார்த்தோம். இடுப்பு சரியாகிவிட்டது, வேலை செய்யத்தான் மனசு வரவில்லையாம்.

உன் மண்டிக்காரர்களுக்குச் சொல்: இங்கே யாருக்கும் மணி தெரியாது. கடல் இறங்கினால் நண்டு, ஏறினால் குளியல், வெயில் சாய்ந்தால் பாட்டு. வந்த புதிதில் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நடப்பார்கள். கொஞ்ச நாளில் அது குடில் ஆணியில் தொங்கும். அப்புறம் அது இருப்பதே மறந்துவிடும். மத்தியானம் திட்டுக்குப் போனால் சத்தமே இருக்காது. காய்கிற துணிகள் மட்டும் காற்றில் தமக்குள் பேசிக்கொண்டிருக்கும். எனக்கே சில சமயம் நான் விழித்திருக்கிறேனா என்று சந்தேகம் வருகிறது.

ரோஸ் இன்னும் போகவில்லை. வந்தவர்கள் எல்லாம் போய் வேறு ஆட்கள் வந்தாயிற்று. அவள் திட்டில் எங்களோடு சமையலில் இருக்கிறாள், தேங்காய் துருவுகிறாள், கேட்காமலே என் சட்டியில் கைவிட்டுச் சாப்பிடுகிறாள். தொப்பி இன்னும் அவள் தலையில்தான்.

ஊருக்குள் வருவார்களா என்று கேட்டாய். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஓடையைத் தாண்டி ஆலயத்துக்கு வருவார்கள். ரோஸுக்கு மட்டும் உன் அண்ணன் அன்றைக்குப் பார்த்து ஒரு வேலை வைத்திருப்பார். போன வாரம், "திட்டுல கோழி அடைகாக்குது, பக்கத்துல ஆள் வேணும்" என்றார்.

"கோழிக்கு எதுக்குங்க ஆள்?"

"அதுக்கு அந்தப் பொண்ணப் பிடிச்சிருக்கு."

அதற்கு முந்தின வாரம் மழைநீர்த் தொட்டிக்குக் காவல். தொட்டியை யார் திருடுவார்? ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் டீட்டர் என்கிற பருத்த மனுஷன்கூட என்னிடம் கேட்டுவிட்டார், அந்தப் பெண் ஏதாவது தப்புச் செய்தாளா என்று. எனக்கும் மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு நானே அவளைக் கையைப் பிடித்து அழைத்து வரப்போகிறேன்.

கெலேரா எழுதினாளா?

அன்புடன்,
தரைவினி


இன்வர்காகில்,
11 ஜூலை 1997

மதினி,

இதை உரக்கப் படிக்காதீர்கள். அண்ணன் இல்லாத இடத்தில் படியுங்கள்.

அவளை ஊருக்குள் அழைத்து வராதீர்கள். ரோஸ் என்பது ஆலனின் அம்மா வைத்த பெயர். அவள் கெலேரா. தோட்டத்துக்குப் போன் செய்து பார்த்தேன். அப்படி ஒரு பெண் வரவே இல்லை என்றார்கள். உங்கள் மே மாதக் கடிதத்தில் தொப்பியைப் பற்றிப் படித்தபோதே இவளாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. நம்ப விரும்பவில்லை, அவ்வளவுதான்.

சின்ன வயதில் அவளோடு ஒரு விளையாட்டு விளையாடுவேன். "மாமா வீட்டுல இருக்கிறதெல்லாம் யாருது?" என்பேன். "எல்லாம் என்னுது, கேக்கவே வேண்டாம்" என்று குதிப்பாள். தாய்மாமன் பொருளில் மருமகளுக்கு உள்ள உரிமையை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். நாம் ஏன் இன்னும் அங்கே போகவில்லை என்று கேட்டபோதெல்லாம், அப்புறம், அப்புறம் என்றே சொல்லி வளர்த்தேன்.

உங்களுக்குத் தெரியாததா? தகப்பன் வீட்டார் திமிங்கலப் பல்லோடு வந்து, பிள்ளையின் முகத்தைத் தாய்மாமனுக்குக் காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் அதன் கால் நம் மண்ணில் பட வேண்டும். நான் சொல்லாமல் ஆலனோடு போனவள். அப்பா இருந்தவரை யாரும் பல்லைப் பற்றிப் பேசவே முடியவில்லை. அவர் போன பிறகு, அண்ணன் கூப்பிடுவார் என்று நான் இருந்தேன். நாங்கள் வருவோம் என்று அவர் இருந்திருப்பார். நேரே கேட்டுக்கொள்ள எங்களுக்கு வாயும் இல்லை.

முகம் காட்டாமல் கால் பட்டுவிட்டால் அப்புறம் காட்ட எதுவும் இல்லை மதினி. அவள் அங்கே எத்தனை தடவை வந்தாலும் காசு கொடுத்து வந்த விருந்தாளிதான். மருமகள் ஆக மாட்டாள். அண்ணனும் பெரியவர் முன்னால் தலைகுனிய வேண்டிவரும்.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அவள் ஓடையைத் தாண்டக் கூடாது.

உலமிலா


நுக்குலைலை தீவு,
6 ஆகஸ்ட் 1997

அன்புள்ள உலமிலாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அவளும் சுகம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நீ எழுதியதற்கு முன்பே அவளை அழைத்து வரப் பார்த்தேன். அந்த ஞாயிறு உன் அண்ணன் விடியலிலேயே அவளை மீன் பிடிக்கக் கடலுக்குக் கூட்டிப்போய்விட்டார். ஆலயத்துக்குப் போகாமல் மீன் பிடிக்கிற மனுஷனா என்று அன்றைக்கெல்லாம் சண்டை போட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பெருங்காற்று வந்தது. கடல் ஏறித் திட்டை மூடியது. குடில்களில் முழங்கால் தண்ணீர். விருந்தாளிகள் எல்லோரையும் ஓடையைத் தாண்டி ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஆலயத்துக்குள் விளக்குத் துடைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளைகளுக்கு உலர்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட. எப்போது வந்தாள், எப்படி வந்தாள், நான் பார்க்கவில்லை. கூரை வழியாகவா வந்திருப்பாள்?

காற்று அடங்கும்வரை எல்லோரும் அங்கேதான் இருந்தோம். இதில் உன் அண்ணன் செய்த அழிச்சாட்டியத்தைக் கேள். ஊரில் உள்ள பாயை எல்லாம் வீடு வீடாக வாங்கி, ஆலயத்து வாசலிலிருந்து சமையல்கட்டு வரைக்கும், அந்தப் பக்கம் கக்கூஸ் வரைக்கும், சேற்றின் மேல் விரித்துவிட்டார். பெரிய தலைவர் வருகிறபோது விரிப்பது போல. என் புதுப் பாயும் போயிற்று. அதன் ஓரத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் அனுப்பியதே நீதானே! பெண்கள் எல்லோரும் ஒரே கத்தல். "விருந்தாளிங்க வழுக்கி விழுந்தா நம்ம பேருதான் கெடும்" என்று ஒரே பதில். பாய்கள் எல்லாம் சேறு, இன்னும் துவைத்து முடியவில்லை.

உன் கடிதம் காற்று அடங்கிய மறுநாள் படகில் வந்தது. அடுப்பங்கரையில் தனியாக உட்கார்ந்து படித்தேன். உன் அண்ணனிடம் சொல்லவில்லை. அவளிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி திட்டில் சாப்பிடும்போது மீன் தலையை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். கண்ணை முதலில் தின்றாள். நீயும் அப்படித்தான் தின்பாய். எனக்கு இது ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை?

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தரைவினி


இன்வர்காகில்,
19 செப்டம்பர் 1997

அன்பு மதினிக்கு,

நலம். பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னியுங்கள். பலதடவை எழுதி அடுப்பில் போட்டேன்.

நடந்தது நடந்துவிட்டது. கடல் ஏறியதற்கு யார் என்ன செய்ய முடியும்? இந்த வருஷக் கடைசியில் ஆலனோடு வந்து முறையைச் செய்துவிடலாம் என்று போன கிறிஸ்துமஸ்போதுதான் பேசியிருந்தோம். உங்களுக்கு எழுதாமல் வைத்திருந்தேன். இனி அந்தப் பேச்சு வேண்டாம்.

கெலேராவை அடுத்த படகில் அனுப்பிவிடுங்கள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும், கோபம் இல்லை என்று சொல்லுங்கள். அண்ணனுக்குத் தெரிய வேண்டாம். அவர் விருந்தாளி என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

இங்கே ஆட்டுக்குட்டிகள் பிறக்கிற காலம். நாளெல்லாம் அவை கத்துகிற சத்தம் மண்டிக்குள் கேட்கிறது.

உலமிலா


நுக்குலைலை தீவு,
10 அக்டோபர் 1997

அன்புள்ள உலமிலாவுக்கு,

சுகம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். உட்கார்ந்துகொண்டு படி.

உன் அண்ணனிடம் சொல்லாதே என்றாய். நான் எப்போது உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? படகு வருகிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவர் கரையில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கடல் பால் போலக் கிடந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "ரோஸ் ஊருக்குப் போறா" என்றேன்.

"அவ எங்கயும் போகல" என்றார், தலை நிமிராமல்.

"அது யாருன்னு உங்களுக்குத் தெரியாது."

"உன் நாத்தனார் கடிதம் எல்லாத்தையும் தொண்டை கிழிய வாசிப்ப. ஒண்ண மட்டும் அடுப்பங்கரையில ஒளிஞ்சு வாசிச்ச. இப்பத்தான் உனக்குத் தெரிஞ்சிருக்குன்னு அன்னிக்கே நினைச்சேன்."

உலமிலா, நான் நகர்ந்து அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தேன். அவரே சொன்னார். "துறையில எல்லாரும் 'உக்காரலாமா, இதத் தொடலாமா'ன்னு கேட்டுக்கிட்டே ஏறுறாங்க. இவ வந்தா, தொப்பிய எடுத்தா, போட்டுக்கிட்டா, கடலப் பாத்து உக்காந்துட்டா. என் தலையில கை வெக்க இந்த உலகத்துல யாருக்கு உரிமை இருக்கு? தொப்பிக்குக் கீழ பாத்தேன். எங்கம்மாவோட நெத்தி."

அப்படியானால் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிடித்துக்கொண்டேன். "உன்கிட்ட சொன்னா லம்பாசா சந்தைக்கே சொன்ன மாதிரி" என்றார். அதற்கு அப்புறம் தனியாகச் சண்டை இருக்கிறது.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "என்ன இருந்து என்ன, காத்தடிச்ச அன்னிக்கு அவ கால் நம்ம மண்ணுல பட்டுடுச்சே" என்றேன்.

முடிச்சை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "பட்டத நீ பாத்தியா?"

அவர் அவளை முதுகில் சுமந்து வந்திருக்கிறார். திட்டிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து ஆலயத்துக்குள், நேரே பாயின் மேல். அவள், "ஏன் என்னை மட்டும்?" என்று கேட்டாளாம். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று திரும்பிப் போய் அந்த டீட்டரையும் சுமந்து வந்தாராம். இடுப்பு இப்போது நிஜமாகவே போய்விட்டது. அப்புறம்தான் பாய்கள். அவள் எங்கே நடந்தாளோ அங்கெல்லாம் பாய். காற்று அடங்கியதும் திரும்பவும் முதுகில் ஏற்றித் திட்டில் கொண்டு விட்டிருக்கிறார்.

"அப்போ அந்தத் திட்டு? அது நம்ம மண்ணு இல்லையா?"

"அப்பா காலத்துல அங்க சுறா நீந்துச்சு. கடல் போட்ட மண்ணு கடலோடது. பெரியவர்கிட்ட கேட்டுட்டேன். அவரும் ஆமான்னுட்டாரு."

பெரியவருக்கும் தெரியும்! கூரை ஒழுகுகிறது என்று பாயோடு தூக்கி வந்த அன்றைக்கே தெரியுமாம். வழியெல்லாம் அவர் திட்டியது வெறும் நடிப்பு. இந்த ஊரில் நான் ஒருத்திதான் முட்டாள்.

கடைசியில் உன் அண்ணன், "எழுது" என்றார். உனக்கு என்று சொல்லவில்லை. சும்மா கடலைப் பார்த்து எழுது என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அவ கால் நம்ம மண்ணுல படல. முறைப்படி கூட்டிட்டு வரச் சொல்லு."

திமிங்கலப் பல்லுக்கு ஆலன் எங்கே போவார் என்று கேட்டேன். உன் அப்பா பெட்டியில் இருந்த பல்லை உன் அண்ணன் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார். லம்பாசா துறையில் நீங்கள் இறங்கியதும் ஆலன் கையில் கொடுப்பாராம். ஆலன் அதைத் தீவுக்குக் கொண்டுவந்து இவரிடமே கொடுக்க வேண்டுமாம். இவர் அதை முன்பின் பார்த்தே இராதவர் போல வாங்கிக்கொள்வாராம்.

சிரிக்கிறேன், கண்ணீர் எழுத்தின் மேல் விழுகிறது. மை கரைந்திருந்தால் மன்னித்துக்கொள்.

தரைவினி


இன்வர்காகில்,
30 அக்டோபர் 1997

அன்பு மதினிக்கு,

இதை உரக்கப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தை மண்டியில் வைத்துப் படித்தேன். கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆலன் அன்றிலிருந்து தரையில் சம்மணம் போட்டு உட்காரப் பழகுகிறார். சடங்கில் தட்டுவது போலக் கையைக் குழித்துத் தட்டவும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் தட்டினால் நாய் எழுந்து வெளியே போகிறது. டிசம்பர் முதல் வாரத்துப் படகில் வருகிறோம். உங்கள் பாய்க்குச் சிவப்பு நூல் கொண்டுவருகிறேன்.

நான் சின்னவளாக இருந்தபோது ஓடை பெருகினால் என்னை முதுகில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன ஒருவர் உண்டு. பேச்சு நிற்கிற வயது வரும்வரை தினமும் சுமந்தார். அந்த முதுகில் ஏறினால் கழுத்தைப் பிடிக்கக் கூடாது, மூச்சு முட்டும் என்று திட்டு விழும். காதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை மட்டும் கெலேராவுக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன்.

உலமிலா


நுக்குலைலை தீவு,
22 நவம்பர் 1997

அன்புள்ள உலமிலாவுக்கு,

எல்லோரும் சுகம். டிசம்பருக்குள் இந்தக் கடிதம் வந்து சேர்கிறதோ இல்லையோ, எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாய்கள் முடைந்துகொண்டிருக்கிறோம். தாழை ஓலையை உன் அண்ணனே வெட்டி வந்து வெயிலில் போட்டார். பெண்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் வேலை நடக்கிறது. கெலேராவிடம் எல்லாம் சொல்லிவிட்டோம், அவளும் திட்டில் இருந்தபடி ஒரு பாய் முடைகிறாள். ஒரு பக்கம் கோணல். அதைத்தான் ஆலனுக்குப் போடப்போகிறோம். சாயங்காலங்களில் அவள் ஓடைக்கு அந்தப் பக்கமும் நாங்கள் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். கடல் ஏறி இறங்குகிறது. காத்திருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நீ சொன்னபடி உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். உன் அண்ணன் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார். முடித்ததும், "ஏன் நிறுத்திட்ட?" என்று கேட்கவில்லை. அப்புறம், "கடைசி வரிய இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். வலையைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன், பார்க்காதது போல இருந்தேன்.

"எழுது" என்றார். "அவளும் காதத்தான் பிடிச்சா."

சீக்கிரம் வந்து சேருங்கள்.

உன் மதினி,
தரைவினி